இருபத்து மூன்று பத்திரிகை

ஜூலை 22

முதலாளி தீர்த்தகிரி சார் கொடுத்த டைரி இது. போன வருஷத்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை ஒத்துப்போகாது. பார்சல் ஆபீஸில் சேர்ந்து இன்று இரண்டாம் நாள். மூட்டைகள் மேல் மார்க்கரால் பெயரும் ஊரும் எழுதுவது என் வேலை. "எழுதிப் பழகிக்கப்பா" என்று டைரியைக் கொடுத்தார். சேலம், ஈரோடு, நாமக்கல் என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இப்படி எழுதற ஆளு மூட்டை மேல எதுக்குப்பா எழுதறே?"

நியாயமான கேள்விதான்.

பெயர் கேட்டார். கண்ணு என்றேன். முழுப் பெயர் வைரக்கண்ணு. பாதியைச் சொன்னதால் பாதிப் பொய்தான். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். அது பெரிய ஜில்லா, எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். குடும்பம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன்.

நாளுக்கு நானூற்றைம்பது. மாடியில் சாக்கு அடுக்கிய அறையில் படுத்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. எலி உண்டு.

ஜூலை 23

வந்த கதையை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி காலை, திருச்சிக்குப் போய் பேங்க் மேனேஜரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெண்சாதி பூங்கோதையிடம் சொன்னேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை தேடிப் போகிறேன் என்கிற மாதிரி ரெண்டு வரி எழுதி சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுக் கிளம்பினேன்.

திருச்சியில் பேங்குக்குப் போகவில்லை. காவிரிப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். ஆடி மாசத் தண்ணீர், கரை கொள்ளாமல் போனது. ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். "என்ன பெரியவரே, இங்க என்ன வேல? வீட்டுக்குக் கெளம்புங்க" என்றார். எனக்கு ஐம்பத்தொரு வயசு. என்னைப் போய்ப் பெரியவர் என்றதில் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பசியும் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது சேலம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். அவ்வளவுதான்.

ஜூலை 25

பையில் இருப்பவை: வேட்டி இரண்டு, சட்டை இரண்டு, துண்டு, மொய் நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட அழைப்புப் பத்திரிகைக் கட்டு. மொத்தம் இருபத்து மூன்று பத்திரிகை.

அவற்றைத் தெரிந்தேதான் எடுத்து வந்தேன். வீட்டில் கிடந்தால் பூங்கோதை எடுத்துப் பார்ப்பாள். பார்த்தால் போகணும். போனால் வெறுங்கையோடு போக முடியாது. நோட்டை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

இன்று கட்டிலிருந்து ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. தீர்த்தகிரி சார் எடுத்தார். மேலே என் முழுப் பெயர் எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்து வாங்கிக்கொண்டேன். அதற்குள் அவர் படித்துவிட்டார்.

"மொய் விருந்தா? கல்யாணம், காதுகுத்து ஒண்ணும் இல்லாம வெறும் மொய் விருந்தா?"

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. கஷ்டம் வந்தவன் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பந்தல் போடுவான். ஆடு வெட்டி ஊர் ஊராகக் கூப்பிட்டுச் சோறு போடுவான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். அந்தப் பணம் அவனுக்கு ஆகும். பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் பந்தல் போடும்போது, எழுதியதை இவன் திருப்பி எழுதணும். மேலே கொஞ்சம் புதுசாகவும் சேர்த்து எழுதணும்.

"பத்திரம்?"

"கெடையாது."

"வட்டி?"

"கெடையாது."

"அடேங்கப்பா. அந்த ஏற்பாட்ட எங்கூருக்கும் கொண்டாப்பா" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூலை 27

இன்று வீரமாணிக்கம் வீட்டு விருந்து. நான் எழுத வேண்டியது பதினைந்தாயிரம். மதியம் புளிச்சோறு.

ஜூலை 28

புயலுக்கு முன் என் தோப்பில் இருநூற்றுப் பத்து தென்னை நின்றது. மறுநாள் காலை எண்ணினேன். பதினேழு.

அடுத்த ஆடியில் பந்தல் போட்டேன். சின்ன வயசுக் கூட்டாளி காத்தமுத்துதான் தைரியம் சொன்னான். "ஒனக்கென்ன மாப்ள, முப்பது வருசமா ஊரெல்லாம் போயி மொய் எழுதுற கை. ஒனக்கு எழுதாமலா போயிடுவானுவ?" எழுதினார்கள். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். ஐம்பதாயிரம் வைத்தது காத்தமுத்து ஒருத்தன்தான். அதற்காக அவன் உழவு மாட்டை விற்றான் என்று பிற்பாடு தெரிந்தது.

போர் போட்டேன், மோட்டார் வைத்தேன், கன்று நட்டேன், பழைய கடன் கட்டினேன். எல்லாம் முறையாகத்தான் செய்தேன். ஆனால் தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். மொய் கொடுத்தவனுக்கு அடுத்த வருஷமே பந்தல் வரும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கையில் ஒன்பது லட்சம் இருக்கும்போது தெரிந்ததெல்லாம் தெரியாமல் போய்விடுகிறது.

முதல் வருஷம் வட்டிக்கு வாங்கி மொய் எழுதினேன். வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்குக் கடன். இரண்டாம் வருஷம் பூங்கோதையின் சங்கிலி. மூன்றாம் வருஷம் தோப்புப் பத்திரம். இந்த வருஷம் அடகு வைக்க வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள்தான்.

பேங்க்காரன் வீட்டு வாசலில் வந்து கத்துவான். அதைத் தாங்கலாம். அவன் யாரோ எவனோ. பத்திரிகை கொடுக்க வருகிறவன் கத்த மாட்டான். வெற்றிலை பாக்கு வைத்து, "அண்ணே, குடும்பத்தோட வந்துடணும்" என்று கையெடுத்துக் கும்பிடுவான். அந்தக் கும்பிடுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 30

வாரத்தில் ஒரு நாள் ஆபீஸ் லீவு. சுமைதூக்கிகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் துணி துவைத்தேன். பதினோரு மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

புது சிம் வாங்கியிருக்கிறேன். அந்த நம்பர் யாரிடமும் இல்லை. நானாகக் கூப்பிட்டால்தான் உண்டு. வீட்டு நம்பர் மனப்பாடம். மகள் இலக்கியா நம்பரும் மனப்பாடம். தஞ்சாவூரில் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். இந்த மாதம் ஹாஸ்டல் பணம் கட்டணும்.

பேலன்ஸ் எவ்வளவு என்று கேட்க கம்பெனி நம்பருக்கு ஒரு தடவை போட்டேன். ஒரு பொண்ணு தமிழில் பேசியது. வணக்கம் சொன்னது. இன்னொரு தடவையும் போட்டேன்.

ஆகஸ்ட் 1

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். மூன்று நாளாக அதே ஞாபகம்.

எங்கள் ஊரில் மொய் நோட்டு எழுத உட்கார்கிறவன் முன்னால் மைக் இருக்கும். ஊர், பெயர், தொகை என்று படிக்கணும். பந்தல் முழுக்கக் கேட்கும். அது கணக்குக்காக ஏற்பட்ட வழக்கம். நான் அதை ராகம் போட்டுப் படிப்பேன். என் எழுத்துக்கும் குரலுக்கும்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எட்டு வருஷம் முன்பு ஒரு விருந்தில் உடையப்பன் வந்தார். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். மூவாயிரம் திருப்ப வேண்டியவர், ஐந்நூறு கொடுத்தார். மெதுவாக, "தம்பி, இத மட்டும் படிக்காம விட்டுரு" என்றார். நான் என்ன செய்தேன்? "உடையப்பன், ஐந்நூறு... ஐந்நூறேதான்" என்று இழுத்துப் படித்தேன். பந்தலே சிரித்தது. இன்னும் கைகூட நனைக்காத மனுஷன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போனார்.

நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 3

இன்று காத்தமுத்து விருந்து. ஐம்பதாயிரம்.

அவன் பெண்சாதிக்கு இருதயத்தில் வால்வு மாற்றணும். அதற்குத்தான் பந்தல். போன மாதம் பத்திரிகை கொடுக்க வந்தபோது பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எழுத நீதான் ஒக்காரணும் மாப்ள" என்றான். பத்திரிகையைத் தந்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு நான் தோப்புக்குப் போய்விட்டேன்.

இந்நேரம் முதல் பந்தி முடிந்திருக்கும். பதினெட்டு ஆடு என்று சொன்னான். எழுத யாரை உட்கார வைத்திருப்பான்? கூட்டுறவு சொசைட்டி கிளார்க்காகத்தான் இருக்கும். கோழி கிண்டின மாதிரி எழுதுவான். "வைரக்கண்ணு எங்க, காணல?" என்று ஒருத்தன் கேட்பான். "அவன் எப்படி வருவான்?" என்று இன்னொருத்தன் சொல்வான். பிறகு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்று நாலு லேபிள் தப்பாக எழுதினேன். கரூர் போக வேண்டிய மூட்டையில் களத்தூர்க்காடு என்று எழுதிவிட்டேன். அது என் ஊர். அடித்துத் திருத்தினேன்.

ஆகஸ்ட் 4

ஒரு மண்டபத்தில் நடக்கும் காதுகுத்துக்கு வாழையிலைக் கட்டு வந்திருந்தது. ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன். கையெழுத்து வாங்க வேண்டிய ஆள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். "மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் கையெழுத்து" என்று என்னை இலையில் உட்கார வைத்துவிட்டார். பதினாறு நாளாயிற்று இலையில் சாப்பிட்டு. பக்கத்தில் ஒரு சின்னப் பொண்ணு தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தது. பிடிக்காதாம்.

சாப்பிட்டு எழுந்த பிறகு காலை வெளியே வைக்க முடியவில்லை. கை நனைத்துவிட்டு மொய் எழுதாமல் போய் எனக்குப் பழக்கமில்லை. வாசல் பக்கம் ஒருத்தர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நூற்றொரு ரூபாய் நீட்டினேன்.

"ஊரு, பேரு?"

கண்ணு, சேலம் என்று சொல்லியிருக்கலாம். பொய்ப் பெயரில் எழுதினால் அது மொய் இல்லை.

"களத்தூர்க்காடு. வைரக்கண்ணு."

எழுதிக்கொண்டார். அப்பா வழியா, அம்மா வழியா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். பதினாறு நாளுக்குப் பிறகு என் பெயரை நானே வாய்விட்டுச் சொன்னேன். ஆட்டோவில் திரும்பும்போது அழுகை வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

ஆகஸ்ட் 6

திருச்சி லாரி டிரைவர் சூசை இன்று சரக்கு இறக்க வந்தான். டீ குடித்துக்கொண்டே போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, இது ஒங்கள மாதிரியே இருக்கே."

வாட்ஸ்அப்பில் வந்த படம். "காணவில்லை" என்று மேலே சிவப்பு எழுத்து. கீழே நான், ஒரு பந்தலில், கையில் பேனாவோடு, பக்கத்தில் மைக்.

"ஒருத்தர மாதிரி ஏழு பேர் இருப்பாங்கப்பா" என்றேன்.

"அது சரிதாண்ணே" என்றான். கொஞ்ச நேரம் டீ கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு என் நம்பரைக் கேட்டு, அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். "அந்த ஏழு பேர்ல யாரையாச்சும் பாத்தா காட்டுங்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

ஆகஸ்ட் 7

நோட்டீஸில் உள்ளபடி:

"பெயர் வைரக்கண்ணு, வயது 51. ஐந்தரை அடி உயரம். மாநிறம். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். மன உளைச்சலில் உள்ளவர், அன்பாகப் பேசவும். அடையாளம்: வலது கை நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு. தகவல் தெரிவிப்பவர்களுக்குத் தகுந்த சன்மானம் வழங்கப்படும். தொடர்புக்கு: காத்தமுத்து."

இது இலக்கியா எழுதிய வாசகம். "அன்பாகப் பேசவும்" என்று வேறு யாரும் போட மாட்டார்கள். என் விரல் காய்ப்பை அவள் எப்போது பார்த்தாள்? நான் அவளுக்குக் காட்டியதில்லை.

சன்மானம் கொடுக்கப் போகிறவன் காத்தமுத்து. அவனுக்கு ஐம்பதாயிரம் தர வேண்டியவன் நான். என்னைக் கண்டுபிடிக்க அவன் மேற்கொண்டு செலவு செய்கிறான்.

ஆகஸ்ட் 8

நம்பரை மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் அழித்தேன்.

ஆகஸ்ட் 9

காலை பத்தரைக்குக் கூப்பிட்டேன். ஆபீஸில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இருக்கும்போது பேசினால் நல்லது என்று பட்டது.

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது.

"நான்தான் மாப்ள."

"எங்கடா இருக்க?"

"சேலத்துல."

"உசுரோட இருக்கியா?" என்று கேட்டான். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவன் அழுதான். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் அழுது நான் கேட்டதில்லை.

"விருந்து நல்லபடியா நடந்துச்சா?" என்றேன். என் வாய்க்கு வேறு ஒன்றும் வரவில்லை.

"விருந்தா? அட பாவி. ஒன்னய கெணத்துல தேடிக்கிட்டு இருந்தம்டா. நம்மூரு கெணறு, மேலக்காட்டுக் கெணறு, ஒன் தோப்புக் கெணறு, மூணுலயும் எறங்கிப் பாத்தாச்சு. நாலு நாளு வாய்க்காக் கரையிலயே நடந்தம். ஒம் பொண்டாட்டி ஒவ்வொரு கெணத்து மேட்டுலயும் வந்து நின்னுச்சு. எவன்டா அப்ப ஆடு வெட்டித் திம்பான்? விருந்தத் தள்ளி வச்சிட்டேன்."

"ஆஸ்பத்திரிப் பணம்?"

"இருவத்தஞ்சாந் தேதிக்குள்ள கட்டணும். ஆவணி மூணுக்கு மறுபடி பத்திரிக அடிச்சிருக்கேன். பந்தக்காரனுக்கு ரெண்டு வாட்டி அட்வான்சு."

ஐம்பதாயிரம் கொடுக்க முடியாமல் ஓடி வந்தேன். ஓடி வந்ததால் அவன் விருந்தே நின்று போயிருக்கிறது. இப்படி ஒரு கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

"என்கிட்ட அஞ்சாயிரந்தான் இருக்கு மாப்ள."

"பணம் வேண்டாம்னு பெருமைக்குச் சொல்ல மாட்டேன். வேணும். அவ ஒரு படி ஏறுனா மூச்சு வாங்குறா. இருந்தாலும் இருக்குறதோட வா. எழுத ஆளு இல்ல."

தீர்த்தகிரி சாரிடம் சொல்லிக்கொண்டேன். முழுப் பெயரையும் சொன்னேன். "அது எனக்கு பத்திரிகையிலயே தெரியும்ப்பா. உன் கட்டைவிரல் அவ்ளோ பெருசு இல்ல" என்றார். டைரியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

ஆகஸ்ட் 10

களத்தூர்க்காடு.

பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் நடந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடையில் பேச்சு நின்றது. நான் தாண்டிய பிறகும் தொடங்கவில்லை.

பூங்கோதை வாசலில் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மிச்சத் தவிட்டையும் போட்டு முடித்தாள். பாதி ஆளாகியிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். இத்தனை நாளும் அந்தக் கயிற்றை என்ன செய்வது என்று யாரெல்லாம் அவளிடம் பேசினார்களோ.

சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகு உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்து எனக்கு முன்னால் பிரித்துப் பிடித்தாள். சாமி படத்துக்குப் பின்னால் நான் சொருகிய காகிதம்.

வேலை தேடிப் போகிறேன் என்கிற மாதிரி எழுதினேன் என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். அது பொய். அதில் உள்ளபடி எழுதுகிறேன்: "என்னைத் தேட வேண்டாம். யாருக்கும் பாக்கி வைக்க நான் ஆசைப்பட்டதில்லை. நோட்டை எடுத்துக்கொண்டேன். அது என்னோடு போகட்டும்."

"எழுத்து மட்டும் ஒரு எடத்துலகூடக் கோணவே இல்லங்க" என்றாள் பூங்கோதை. "கை நடுங்குனாப்ல ஒரு சுழிகூட இல்ல. அதத்தான் நான் தெனமும் எடுத்து எடுத்துப் பாத்தேன்."

காகிதத்தைப் பழையபடி மடித்து சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

இலக்கியா உள்ளறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் வந்து என் வலது கையை இழுத்து நடுவிரலைப் பார்த்தாள். அவள்தான் என்று நானும் நான்தான் என்று அவளும் உறுதி செய்துகொண்ட மாதிரி இருந்தது. விரலை விடவில்லை.

ஆகஸ்ட் 12

பேங்க்காரன் வந்தான். கத்தினான். ஊரில் இல்லாததால் பேச முடியவில்லை என்றேன். அவனுக்கும் வாட்ஸ்அப்பில் படம் வந்திருந்ததாம். கொஞ்சம் குரலைக் குறைத்துக் கத்தினான். தோப்பை விற்றுக் கட்டுகிறேன், ஆறு மாதம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19

ஆவணி மூன்று. காத்தமுத்து விருந்து.

வாசல் பக்கம் மேசை. புது நோட்டு. மைக். உட்கார்ந்ததும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். முதல் மொய் தாய்மாமன் மொய். எழுதிப் படித்தேன். குரல் கொஞ்சம் பிசிறியது.

இரண்டாவதாக என் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தேன். பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டு. பக்கத்தில் பணம் எண்ண உட்கார்ந்திருந்தவன் என் முகத்தைப் பார்த்தான்.

"படிக்காமயே எழுதிக்கலாம் அண்ணே" என்றான் மெதுவாக.

மைக்கை இழுத்துக்கொண்டேன். "களத்தூர்க்காடு வைரக்கண்ணு. ஐயாயிரம். பழைய பாக்கி நாற்பத்தையாயிரம்."

பரிமாறிக்கொண்டிருந்த வாளிச் சத்தம் நின்றது. பெண்கள் பக்கம் பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காத்தமுத்து திரும்பவில்லை. அவன் கும்பிடும் கை மட்டும் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு "வாங்க, வாங்க" என்றான் அடுத்தவரைப் பார்த்து. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் எழுந்து போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு கூட்டம் நெருக்கியது. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு எழுத மட்டும் செய்தேன். ஒரு மணி வாக்கில் ஒரு கை மூவாயிரத்தை நீட்டியது. நகக்கண்ணில் செம்மண். நிமிர்ந்தேன். உடையப்பன். தலை முழுக்க நரைத்திருந்தது.

பேனாவைத் திறந்து எழுதினேன். எழுதி முடித்தும் அவர் நகரவில்லை.

"படிக்கல?" என்றார்.

"இன்னிக்கி யாருக்கும் படிக்கலண்ணே. எழுத மட்டுந்தான்."

"ஒனக்குப் படிச்சல்ல?"

"அது வந்து..."

"எனக்கும் படி. இன்னிக்கி என்கிட்ட முழுசா இருக்கு."

மைக்கை எடுத்தேன். படித்தேன். "இன்னொரு வாட்டி" என்றார். இன்னொரு தடவை படித்தேன். இந்தத் தடவை அந்தப் பழைய ராகத்தோடு. அவர் தலையை ஆட்டிக் கேட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். பந்திப் பக்கம்தான் போனார். உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு மன்னிப்பு என்று எதுவும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மொத்தம் ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஆஸ்பத்திரிக்குப் போதும் என்றான் காத்தமுத்து. என் நாற்பத்தையாயிரம் இருந்திருந்தால் மருந்துச் செலவுக்கும் ஆகியிருக்கும். அதை அவன் சொல்லவில்லை. நான் கூட்டிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20

காலையில் பூங்கோதை இருபத்து மூன்று பத்திரிகைகளையும் தரையில் பரப்பி ஊர் வாரியாகப் பிரித்தாள். தேதி போனவை பதினாறு. இன்னும் வர வேண்டியவை ஆறு. காத்தமுத்துவுடையது ஒன்று. போன பதினாறு வீட்டுக்கும் நேரில் போய், இவ்வளவு பாக்கி, இந்த வருஷத்துக்குள் முடியாது, தோப்பு விற்ற பிறகு தருகிறோம் என்று சொல்லிவிட்டு வரணும் என்றாள். நான் மட்டும் போகிறேன் என்றேன்.

"தனியா ஒங்கள விடுறதா இல்ல" என்றாள்.

மொய் நோட்டை மஞ்சள் பையில் வைத்தாள். சுருக்குப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, நோட்டின் நடுவில் அடையாளம் வைக்கிற மாதிரி வைத்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அதான் வந்துட்டனே. அதக் கிழிச்சுப் போட்டுடு" என்றேன்.

"பாக்கி இருக்கயில பத்திரத்த யாராச்சும் கிழிப்பாங்களாங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். முதலில் வீரமாணிக்கம் வீடு.